ரெண்டு தடவை திருப்பின படம்

என் பிரியத்துக்குரிய காதர் மாமாவுக்கு,

நீங்க மண்ணுக்குள்ள போயி ஆறு மாசமும் சொச்ச நாளும் ஆச்சு. இம்புட்டு நாளா ஒரு வரி எழுதலை. துக்கத்துல எழுதலைன்னு நெனச்சுக்கிறாதீக. கோவத்துல எழுதலை. இப்பவும் அந்தக் கோவத்தோடதான் உக்காந்திருக்கேன். வார்த்தை முன்னப் பின்ன வந்தா பொறுத்துக்கங்க.

முதல்ல வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிர்றேன். ரெண்டாம் வருசத்துக்கு லினோ வகுப்பு, லினோலியத் துண்டுல படம் செதுக்கி அச்செடுக்கறது. நான் புத்தகப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவன், அச்சு வகுப்புல எனக்கென்ன வேலைன்னு வெளியாளு யாராச்சும் கேக்கலாம். உங்களுக்குத் தெரியும். உங்களைப் பாடம் எடுக்க விடாம ஆக்கிட்டு மெட்ராசுல இருந்து கொண்டாந்து வச்ச ஆளு ரெண்டு வருசம்கூடத் தங்கலை. இந்த வெயிலு ஒத்துக்கலைன்னு கெளம்பிட்டாரு. அதுல இருந்து உங்க வகுப்பை எட்டு வருசமா நான்தான் எடுக்கேன். நீங்க முற்றத்துக்கு அங்குட்டு ஸ்டோர்ல உக்காந்து தாள் எண்ணிக் கொடுத்துக்கிட்டு இருந்தீக, நான் இங்குட்டு உங்க உளியை எடுத்து வச்சுக்கிட்டு உங்க பாடத்தை நடத்திக்கிட்டு இருந்தேன்.

வகுப்புல ஒரு பொண்ணு, தேவகோட்டைக்காரி, நல்லாச் செதுக்குவா. சந்தைக் கடை ஒண்ணு போட்டிருந்தா. மை தடவி, தாளை வச்சு, கரண்டி முதுகால தேச்சு, பொறுமையா உரிச்சு எடுத்தா. தராசு பிடிச்சிருக்கிற ஆளு இடதுகைக்காரனாப் போயிட்டான், கடைப் பலகையில எழுத்தெல்லாம் முதுகைக் காட்டுது. அவ பக்கத்துல இருந்தவகிட்ட சலிப்பாச் சொன்னா, "போச்சுடி, காதர் ஆயிருச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னம்மா சொன்னேன்னு கேட்டேன். அவ பயப்படலை, ஏன்னா அதுல தப்பா எதுவும் இருக்கறதா அவளுக்குத் தெரியலை. "அது ஒரு வார்த்தை சார். சீனியருங்க சொல்லுவாங்க. படம் இடவலம் மாறிப் போச்சுன்னா காதர்"னா.

ஒரு வார்த்தை. ஆளோட பேருங்கறதே அவளுக்குத் தெரியலை மாமா. போன வருசம் பூராம் ஸ்டோர் ஜன்னல்ல நின்னு உங்ககிட்டத் தாள் வாங்கியிருக்கா. 'பாய், கொஞ்சம் தடிமனாக் குடுங்க'ன்னு கேட்டிருக்கா. அந்தப் பாய்தான் இந்தக் காதர்னு யாரும் சொல்லலை.

நான் சொன்னேனா? அதைத்தானே கேக்கறீக. கையில இருந்த ரோலரைத் துடைச்சு வச்சேன். அப்புறம், அடுத்த தடவை கண்ணாடி வச்சுப் பாத்துட்டு ஆரம்பின்னு சொல்லிட்டு நகந்துட்டேன். தூ, என்ன பொழப்பு.

உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா இத்தனை வருசத்துல நான் ஒரு தடவைகூட அதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டியிருக்கு. அதனால இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லிப் பாத்துக்கிறேன்.

ரெண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்குப் படம் போடுற வேலை நம்ம துறைக்கு வந்தப்ப, துறைன்னு சொல்லிக்க நமக்கு இருந்தது நூலகத்துக்குப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மூணு ரூமு. தலைவரு அந்தக் கடிதாசியைக் கையில வச்சுக்கிட்டு நடந்த நடையை மறக்க முடியுமா? இருபத்திரண்டு படம். நான் வரையணும், நீங்களும் உங்க பசங்களும் செதுக்கணும். நம்ம பக்கத்துக் கண்மாய், நம்ம பக்கத்து வண்டி, நம்ம சனம் புத்தகத்துல வரப்போகுதுன்னு எனக்குத் தலைகால் புரியலை.

அம்புட்டுப் படத்துக்கு லினோ எங்க இருக்கு? நாட்டரசன்கோட்டையில ஒரு ஆச்சி வீட்டு மாடி ஹால்ல விரிச்சுக் கிடந்த பழைய லினோலியத்தைக் கிளப்பறாகன்னு நீங்கதான் துப்புக் கண்டுபிடிச்சீக. ஆச்சி லேசுல குடுக்கலை. தரையில விரிச்சதை வெட்டி என்னத்துக்குய்யா ஆகும்னு அரை மணி நேரம் விசாரிச்சாக. நீங்க உக்காந்து ஒரு துண்டுல அவுக வீட்டு நிலைக் கதவைச் செதுக்கி, அங்கயே மை தடவி ஒரு படம் எடுத்துக் கையில குடுத்தீக. ஆச்சி அதைத் தூக்கிப் பாத்துட்டு, எடுத்துக்கங்க, வண்டி பிடிச்சா கொண்டுபோறீகன்னு கேட்டாக. வழியெல்லாம் அந்த லினோலியச் சுருள் மேல உக்காந்துக்கிட்டு நீங்க சிரிச்ச சிரிப்பு.

வகுப்புல நீங்க சொல்ற முதல் சட்டம் ஒண்ணு உண்டு. வரையறவன் நேராத்தான் வரையணும். செதுக்குறவன்தான் திருப்பணும். திருப்புறது ஒருத்தன் வேலை, ரெண்டு பேரு தொட்டா நாசம். சந்தேகத்துக்கு, வரைஞ்ச தாளோட மேல் மூலையில ஒரு அம்புக்குறி போட்டிருக்கணும். அம்பு வலப்பக்கம் பாத்தா நேர்படம். இதை எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்ற மாதிரி வருசா வருசம் சொல்லுவீக. நானும் பின்னால உக்காந்து தலையாட்டுவேன்.

கடைசிப் படம். அம்மா சோறு போடுறா, ரெண்டு பிள்ளைக இலை முன்னால உக்காந்து சாப்பிடுதுக. எழுத்து ஒண்ணும் கிடையாது அந்தப் பக்கத்துல. திங்கக்கிழமை அச்சகத்துக்குப் போகணும், உங்களுக்கு இன்னும் நாலு கட்டை பாக்கி. நான் உங்களுக்கு உதவி செய்றதா நெனச்சுக்கிட்டு, படத்தை நானே திருப்பி மை போட்டு வச்சேன். மாமாவுக்கு ஒரு வேலை மிச்சம்னு. அம்புக்குறி போடலை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஏன்னா எனக்குத் திருக்கோஷ்டியூருக்கு பஸ்ஸைப் பிடிக்கணும். மாசித் தெப்பம். என் வீட்டுக்காரிக்கு, நீங்க தங்கச்சின்னு கூப்பிடுறவளுக்கு, ரெண்டு தடவை தங்காமப் போயி, மூணாவதா வயித்துல அஞ்சு மாசம். குளக்கரையில வெளக்கு வச்சு வேண்டிக்கிறணும்னு எங்க ஆத்தா ஒத்தக்கால்ல நின்னுச்சு. தாளை உங்க மேசையில வச்சுட்டு ஓடிட்டேன்.

நீங்க உங்க சட்டப்படி அதைத் திருப்பினீக. திருப்பினதைத் திருப்பினா என்ன ஆகும்? கட்டையில பாக்கறப்ப அம்மா சரியா வலது கையாலதான் சோறு போட்டிருப்பா. அதனாலதான் செதுக்குறப்ப உங்க கண்ணுக்கு உறுத்தலை. தாள்ல விழுந்தப்ப கை மாறிப் போச்சு.

அதுலயும் ஒரு வாய்ப்பு இருந்துச்சு. நான் திரும்பி வந்ததும் சோதனைக்கு அடிச்ச புரூஃப் தாளையெல்லாம் எங்கிட்டக் குடுத்தீக. மை எப்படி ஏறியிருக்கு, கோடு எங்கயாச்சும் அடைச்சிருக்கான்னு பாக்கறது உங்க வேலை. படம் சரியா இருக்கான்னு பாக்கறது என் வேலை. அதுக்குத்தான் சம்பளம். நான் பாத்தேன். சோத்துப் பருக்கையைக்கூடத் தனித்தனியாத் தெரியறாப்புல செதுக்கியிருந்தீக, அதைப் பாத்து மயங்கிப் போயி நின்னேன். எந்தக் கைன்னு பாக்கலை. இருபத்திரண்டு தாள்லயும் பென்சிலால 'சரி, ரா.'ன்னு எழுதிக் குடுத்தேன்.

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போயி ஒரு வாரம்கூட ஆகலை. அம்மா இடது கையால சோறு போடுறா. பிள்ளைக ரெண்டும் இடது கையால அள்ளித் திங்குதுக. முந்தானை வலது தோள்ல கிடக்கு, சேட்டு வீட்டம்மா மாதிரி. வாத்தியாருங்க எழுதுன கடிதாசி கட்டுக் கட்டா வந்துச்சு. இதைப் பாத்துத்தானே பிள்ளை பழகும்னு ஒருத்தர். எங்க வகுப்புல பிள்ளைக சிரிச்சுச் சிரிச்சுப் பாடமே நடக்கலைன்னு ஒருத்தர்.

அப்புறம் தலைவரு ரூம்ல கூட்டம். உள்ள அஞ்சாறு பேரு. பாடப்புத்தகக் குழுவுல இருந்து வந்த பெரியவரு ஒருத்தரு நடுவுல. யாரு செஞ்சதுன்னு தலைவரு கேட்டாரு. நான் அப்ப தற்காலிகம். நிரந்தரமாக்குற ஆர்டரு எந்த மேசையிலயோ கிடந்துச்சு. நான் எச்சில் முழுங்கறதுக்குள்ள நீங்க எந்திரிச்சீக.

"நான்தான் செதுக்குனேன். தப்பு என்னுது."

யாரு கேட்டா மாமா உங்களை? நான் கேட்டேனா? எனக்காகப் பேசுங்கன்னு கண்ணைக்கூடக் காட்டலையே. அந்த நிமிசத்துல நீங்க எந்திரிச்சது எனக்குச் செஞ்ச உபகாரம்னு ஊரு சொல்லும். நான் சொல்ல மாட்டேன். நான் ஆம்பளையா நிமிந்து நிக்கறதுக்கு இருந்த ஒரே நிமிசத்தை நீங்க எடுத்துக்கிட்டீக.

அதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒரு மெமோ, ஒரு எச்சரிக்கைன்னு போயிருக்கும். நீங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டீக. ஆனா அந்தப் பெரியவரு உங்க பேரைக் கேட்டாரு. கேட்டுட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு.

"அவுகளைச் சொல்லிக் குத்தமில்லை. அவுக பழக்கம் வேற. எந்தக் கையால சோறு போடுறதுங்கற நம்ம வீட்டு வழக்கம் அவுகளுக்கு எங்க தெரியப்போகுது?"

இந்த ஒரு இடத்தை நெனச்சா இன்னைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்குது. யாருக்குத் தெரியாது? பசங்க இடது கையால உளியை நீட்டுனா வாங்காம நின்னுக்கிட்டே இருப்பீகளே, நீங்களா? உங்க வீட்டுல பால்குடி மறக்காத பிள்ளை இடது கையை நீட்டினாக்கூட உங்க சம்சாரம் ஆமினா அக்கா கையைத் தட்டிவிட்டு, பிஸ்மி சொல்லி வலது கையில குடுப்பாகளே, அந்த வீட்டுக்கா தெரியாது? அந்த ரூம்ல இருந்த அம்புட்டுப் பேரும் உங்க வீட்டுல பெருநாளைக்கு உக்காந்து தின்னவுகதான். உங்க நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில வாங்கிட்டுப் போனவுகதான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஐயா அப்படிச் சொல்லாதீகன்னு சொல்லலை.

அந்த ஒருத்தன் நான்தான் மாமா. நானும் சொல்லலை. நீங்க மேசையைப் பாத்துக்கிட்டு நின்னீக. கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னீக. நான் உங்க விரலைப் பாத்தேன். அந்தப் பெரியவரு சொன்னதும் அது ஒரு தடவை இறுகிச்சு. அப்புறம் தளந்துருச்சு.

வழக்கம் தெரியாத ஆளு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்னு முடிவாச்சு. வேலையை விட்டு எடுக்கலை, பெரிய மனசாம். தாள் ஸ்டோருக்கு மாத்தினாக.

வெளிய வந்ததும் கேன்டீன் சுவரோரமா நிறுத்தி வச்சு எங்கிட்டச் சொன்னீக. "மாப்ளே, நான் பெர்மனென்ட். என்னைய அசைக்கத்தான் முடியும், புடுங்க முடியாது. உங்களை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக. பிள்ளை வரப்போற நேரம். வாயைத் தொறக்காதீக, தொறந்தா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்." நான் அழுதேன். நீங்க டீ வாங்கிக் குடுத்தீக.

எட்டு மாசத்துல எனக்கு ஆர்டரு வந்துருச்சு. மகன் நல்லபடியாப் பொறந்து தவழ ஆரம்பிச்சுட்டான். இனிமே பயமில்லை, இப்பச் சொல்லலாம்ல? சொல்லணும்னுதான் ஸ்டோருக்கு வந்தேன். நீங்க தாளை நாலா மடிச்சு அடுக்கிக்கிட்டே, விடுங்க மாப்ளே, பழைய கதைன்னீக. நான் விட்டுட்டேன். அம்புட்டு லேசா விட்டுட்டேன். திரும்பி வர்றப்ப மனசு லேசாகி, வாய்க்குள்ள பாட்டுக்கூட வந்துச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை.

அதுக்கப்புறம் நான் ஸ்டோருப் பக்கம் வர்றதைக் கொறைச்சுட்டேன். தாள் வேணும்னா சீட்டு எழுதிப் பசங்ககிட்டக் குடுத்தனுப்புவேன். நீங்க தாளோட ஒரு துண்டுச் சீட்டு வச்சு அனுப்புவீக. 'இதை நனைக்காம அடிக்கச் சொல்லுங்க.' 'மை கெட்டியா இருக்கு, நாலு சொட்டு ஆளிவிதை எண்ணெய்.' 'அந்தச் செவப்புச் சட்டைப் பையன் உளியைத் தன் பக்கமா இழுக்கறான், ஜன்னல்ல இருந்து பாத்தேன், கை போயிரும்.' பாடம் எடுக்கக் கூடாதுன்னு தடை போட்ட மனுசன் துண்டுச் சீட்டுல பாடம் எடுத்தீக. அதையெல்லாம் நான் வகுப்புல என் வாய்ச்சொல்லா சொன்னேன். நல்ல வாத்தியாருன்னு பேரும் வாங்குனேன். நீங்க எனக்குக் குடுத்துக்கிட்டே இருந்தீக, நான் வாங்கிக்கிட்டே இருந்தேன். ஒரு நாளாவது என்னையக் கன்னத்துல அறைஞ்சிருக்கலாம்ல?

இப்ப இந்த வாரத்துக் கதைக்கு வர்றேன். புதன்கிழமை உங்களுக்கு இரங்கல் கூட்டம் வச்சாக, பசங்க இல்லாம வாத்தியாருங்க மட்டும். ஆறு மாசம் கழிச்சு. தலைவரு இந்த மாசத்தோட ஓய்வு பெறுறாரு, அதுக்குள்ள எல்லாருக்கும் எல்லாம் செஞ்சு முடிச்சுட்டுப் போகணும்னு அவருக்கு. உங்க போட்டோவுக்கு ரோஜா மாலை போட்டிருந்தாக. போட்டோவுக்கு மாலை போடுறது உங்க வீட்டுல ஆகாதுன்னு நான் முன்கூட்டியே சொல்லியிருக்கணும். அதையும் சொல்லலை.

தலைவரு நல்லாப் பேசுவாரு, உங்களுக்குத் தெரியும். "அன்னார் ஒருமுறை அறியாமையால் பிழை செய்தபோதும், இத்துறை அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்து அரவணைத்தது"ன்னாரு. கை தட்டுனாக. மேடையில ரெண்டாவது நாற்காலி எனக்கு. அடுத்துப் பேச வேண்டியது நான். மைக் முன்னால போயி நின்னப்ப தொண்டை வரைக்கும் வந்துச்சு மாமா. சத்தியமா வந்துச்சு. தலைவருக்கு அப்புறம் துறைக்கு யாரு தலைமைங்கறது திங்கக்கிழமை முடிவாகுது, என் பேருதான் போகுதுன்னு காலையிலதான் சொல்லியிருந்தாக. நான் உங்க உளி எப்பவும் கூர்மையா இருக்கும்னு பேசினேன். நல்ல மனுசர்னு பேசினேன். நாலு நிமிசத்துல எறங்கிட்டேன். எனக்கும் கை தட்டுனாக.

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணு 'காதர் ஆயிருச்சு'ன்னு சொன்னா. அதுக்கு மேல என்னால வீட்டுல இருக்க முடியலை. சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்ச நேரமா உங்க வீட்டுக்குப் போனேன். வெளியாளைப் பாக்காம இருக்கற இத்தா முடிஞ்சு அக்கா இப்பத்தான் ஆளுகளைப் பாக்கறாக. இளைச்சுப் போயிட்டாக. வாங்கன்னாக, உக்காருங்கன்னாக. நான் உக்காரலை. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். திருப்பினது நான், குறி போடாதது நான், சரின்னு எழுதினது நான். அவுக கத்துவாக, மண்ணை வாரித் தூத்துவாகன்னு நெனச்சேன். அப்படி நடந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அக்கா உள்ள போயி ஒரு தாளைக் கொண்டாந்து நீட்டுனாக. பழுப்பேறிப் போன புரூஃப். அம்மா இடது கையால சோறு போடுறா. ஓரத்துல பென்சில்ல 'சரி, ரா.' என் கையெழுத்து.

"மௌத்தாகறதுக்கு ஒரு வாரத்துக்கு முந்தி இதை எரிச்சுப்புடச் சொன்னாக. நான் எரிக்கலை தம்பி."

இது உங்களுக்கு எப்பத் தெரியும்னு அக்காகிட்டக் கேட்டேன். அன்னைக்கேன்னாக. நீங்க அவுககிட்ட எதையும் மறைக்கலையாம். கோவப்பட்டு அக்கா எங்க வீட்டுக்குக் கெளம்புனப்பக்கூட நீங்க கையைப் பிடிச்சு உக்கார வச்சீகளாம். மாப்ளே சொல்லுவாரு, அவரா வந்து சொல்லட்டும்னீகளாம். ஒவ்வொரு பெருநாளைக்கும் நான் வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போன பெறகு, இன்னைக்காச்சும் சொன்னாரான்னு அக்கா கேப்பாகளாம். இல்லை, பாவம், அவருக்கு என்ன சங்கடமோம்பீகளாம். பத்து வருசம்.

இதுக்கு நான் உங்களை என்ன செய்ய? வாயைத் தொறந்தா மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு எங்கிட்டச் சொன்னீக. வீட்டுல போயி, அவரா சொல்லுவாருன்னு சொன்னீக. எது மாமா நெசம்? விடுங்க மாப்ளேன்னு ஸ்டோர்ல சொன்னப்ப, நான் விடமாட்டேன்னு சொல்லுவேன்னு எதிர்பாத்தீகளா? தாளை மடிச்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னீகளே, அதுக்குத்தானா?

நான் அக்கா கால்ல விழப் போனேன். அவுக விலகிட்டாக. "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவுகளுக்கு வழக்கம் தெரியாதுன்னு எந்த ரூம்ல வச்சுச் சொன்னாகளோ, அந்த ரூம்ல போயிச் சொல்லுங்க." அம்புட்டுத்தான். தாளைத் திரும்ப வாங்கி மடிச்சு உள்ள கொண்டுபோயிட்டாக. அந்த வீட்டுப் படி ஏறின நாள்ல இருந்து முதல் தடவையா ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிக்காம எறங்கி வந்தேன். அவுக கேக்கலை. நானும் கேக்கற நெலமையில இல்லை.

வழியெல்லாம் ஒரு எண்ணம் என்னைய அரிச்சுச்சு. அந்தத் தாள் அவுககிட்ட இருக்குங்கறதாலதான் நான் இப்பத் துணியறேனா? அது எரிஞ்சு போயிருந்தா? தெரியலை மாமா. நல்லவன் மாதிரி எழுத வரலை எனக்கு.

உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன். இத்தனை வருசமா அவளுக்கும் தெரியாது. அவ அமராவதிபுதூர்க்காரி, லேசுல கத்த மாட்டா. மகன் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தான், அவனை எந்திரிச்சு உள்ள போகச் சொல்லிட்டு எங்கிட்டக் கேட்டா. "பத்து வருசமா என் பிள்ளை பேரைச் சொல்லியா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீக?" இன்னைக்கு மதியச் சாப்பாட்டை வட்டில்ல போட்டு மூடி வச்சுட்டுப் போயிட்டா.

நாளைக்குத் திங்கக்கிழமை. பதினோரு மணிக்குத் துறைக் கூட்டம். அதே ரூமு, அதே மேசை. நாற்காலியில அதே தலைவரு. அன்னைக்கு உக்காந்திருந்தவுகள்ல மூணு பேரு இன்னும் இருக்காக. முதல் பொருளே அடுத்த தலைமைக்கு என் பேரு. அவுக பேரைப் படிக்கறதுக்கு முந்தி நான் எந்திரிச்சுருவேன். ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன். படத்தைத் திருப்பினது நான். சரி பாத்தது நான். காதர் முகைதீன் செஞ்சது அவர் வேலையை மட்டும். வழக்கம் தெரியாதுன்னு அவரைச் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தது நாம எல்லாரும். இதை நடவடிக்கைப் புத்தகத்துல ஏத்தணும், அவரை ஸ்டோருக்கு அனுப்பின உத்தரவு தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். எனக்கு எதிரா என்ன நடவடிக்கைன்னாலும் அதுவும் அதே பக்கத்துல வரட்டும். இவ்வளவுதான் கடிதாசி. எழுதி முடிக்க மூணு தாள் கிழிச்சேன்.

நான் படிச்சுருவேன்னு சத்தியம் பண்றேன். ஆனா என்னைய எனக்குத் தெரியும். தலைவரு சிரிச்சுக்கிட்டே, உக்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்பாரு. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இதெல்லாம்னு ஒருத்தரு முழங்கையைத் தொடுவாரு. அந்த நேரத்துல எனக்கு உங்க மூஞ்சி ஞாபகம் வந்துரக் கூடாது. விடுங்க மாப்ளேன்னு சொல்ற அந்த மூஞ்சி. எங்க இருந்தாலும் நீங்க எப்பவோ என்னைய மன்னிச்சிருப்பீகன்னு தெரியும். அந்த மன்னிப்பு மேல சாஞ்சுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் நான் சொகமா உக்காந்திருந்தேன்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெரிய மனசெல்லாம் கொஞ்ச நேரம் ஓரமா எடுத்து வைங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் எந்திரிச்சு நின்னு படிச்சு முடிக்கற வரைக்கும், என்னைய மன்னிச்சுப்புடாதீக மாமா.

உங்க தங்கச்சியைக் கட்டினவன்,
உங்க மாப்ளே,
ராமையா